டாக்டரம்மா தமிழில் எழுதாமல் போனது

டாக்டர் கனகவல்லி இறந்துபோன செய்தி வந்தபோது நான் விழுப்புரம் ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் அக்கா செல்வி. போன் மணி அடித்தது. டாக்டரம்மாவின் பழைய மாணவர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய போட்டோ, அதைச் சுற்றி மாலை, கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நான் கும்பிடவில்லை. ‘அடிப்பாவி, அதுக்குள்ள போயிட்டியா’ என்றுதான் வாயில் வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள், “யாரு கண்ணு, சொந்தமா?” என்று கேட்டார். “இல்லம்மா, சண்டைக்காரி” என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாளே மாணவர்களில் ஒருவர் அழைத்தார். நினைவு மலர் போடுகிறார்களாம். “அக்கா, நீங்கதான் செஞ்சியில அவங்ககூட வேலை பார்த்தவங்க, நல்லதா ஒரு பக்கம் எழுதிக் குடுங்க” என்றார். எழுதுகிறேன் என்றேன். நல்லதா என்பதற்கு நான் உத்தரவாதம் தரவில்லை. குழுவில் மாணவர்கள் நீங்கள் எழுதுவதையெல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ‘அன்பின் வடிவம்’ என்கிறீர்கள், ‘தாயுள்ளம்’ என்கிறீர்கள். உங்களில் யார் அவரிடம் திட்டு வாங்காதவர்? அவர் அறைக்குள் போகும்முன் வெளியில் நின்று யார் யார் சாமியை வேண்டிக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாதா? செத்த மறுநாளே ஒரு மனுஷியை இப்படிப் பொம்மையாக்கி விடுவதா?

நீங்களாவது பரவாயில்லை. செஞ்சி கூட்டுரோட்டில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். அதில் டாக்டரம்மாவின் படம் சிறியதாகவும் குவாரி முதலாளியின் படம் பெரியதாகவும் இருக்கிறது. அந்த முதலாளியின் பெயரை இங்கே எழுதி என் பேனாவைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். அவருடைய கல்குவாரியை இன்னும் பெரிதாக்க அனுமதி கேட்டிருக்கிறார். அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் வரப்போகிறது. அங்கே வேலை செய்யும் பெண்கள், ‘எங்களுக்குக் கழிப்பிடம் கட்டு, தண்ணீர் குடிக்க நேரம் விடு, அதற்கப்புறம் பெரிதாக்கு’ என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல முதலாளி கையில் வைத்திருப்பது டாக்டரம்மாவின் அறிக்கை. அந்த அறிக்கை தப்பு. தப்பு என்று சொல்லக்கூடியவர் இப்போது சுடுகாட்டில் சாம்பல். அதனால்தான் எழுதுகிறேன், பாசத்தால் இல்லை.

அவரை முதன்முதலில் பார்த்தது அவலூர்பேட்டை ரோட்டில், அந்தக் குவாரியின் வாசலில். நான் சமூகப்பணி படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். கல் உடைக்கும் வேலைக்கும் உடம்பில் வரும் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று ஆராய்ச்சி செய்ய ஒரு டாக்டரம்மா சென்னையிலிருந்து வருகிறார், உள்ளூர் ஆள் வேண்டும் என்றார்கள். காட்டன் புடவை, ஆண்கள் போடும் வார்ச்செருப்பு, கையில் குடை. பெயர்கூடக் கேட்கவில்லை. “இந்த ஊருக்காரிதானே? இங்க வேலை செய்றவங்க இன்னும் எத்தனை வருஷம் செய்வாங்கன்னு நினைக்கிற?” என்று கேட்டார். நான், “பாவம் மேடம், அவங்க…” என்று ஆரம்பித்தேன். “பாவம்னு சொல்லாத. பாவம்னு சொன்னா எல்லாரும் உச்சுக்கொட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. ஏன்னு கேளு” என்றார். என் அக்காவே அந்தக் குவாரியில் ஜல்லிக்கூடை தூக்கிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போது நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு திட்டு விழுந்திருக்கும்.

எங்கள் நைனா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அக்காதான், அந்தக் கல்லைச் சுமந்துதான். ஆகவே குவாரியில் பெண்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை நான் ஆராய்ச்சி செய்து தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காலையில் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டு போவார்கள். சாப்பிட்ட கையைக் கழுவி, வாய் கொப்பளிக்க மட்டும் அதைத் தொடுவார்கள். மிச்சம் அப்படியே வீடு திரும்பும். குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க எங்கே போவது? மரம் செடி ஒன்றும் கிடையாது, வெறும் பாறை. மேலே கம்ப்ரசர் வைத்துத் துளை போடும் ஆண்கள், கீழே டிப்பர் டிரைவர்கள். சித்திரை வெயிலில் பாறை காய்ச்சிய தோசைக்கல் மாதிரி இருக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போதும் குடிக்க மாட்டார்கள். இதை முதல் வாரமே டாக்டரம்மாவிடம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். “நீ சொல்றது நம்புற மாதிரி இருக்கு. நம்புறது என் வேலை இல்ல, காட்டுறதுதான் வேலை. யூரின் எடுப்போம்” என்றார்.

இங்கேதான் எல்லாம் கெட்டது. யூரின் எடுத்த அன்று என்னைப் பக்கத்திலிருக்கும் அனந்தபுரத்துக்கு வேறு வேலையாக அனுப்பிவிட்டார். சென்னையிலிருந்து வந்த பிள்ளைகள் முந்தின நாள் சாயந்திரம் தெருவில் போய், “நாளைக்குக் காலையில யூரின் டெஸ்ட், வேலைக்குப் போறதுக்கு முன்னாடி நூலகக் கட்டடத்துக்கு வந்துடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு டெஸ்ட் என்றால் ஸ்கேன் சென்டர்தான் தெரியும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அங்கே போனால் முதல் கேள்வியே, “தண்ணி குடிச்சிட்டு வந்தியா? யூரின் முட்டுதா?” என்பதுதான். முட்டவில்லை என்றால் வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் தெரு முழுக்க விடியற்காலையில் சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறது. அஞ்சலை என்று ஒருத்தி, அக்காவோடு சேர்ந்து கூடை தூக்குகிறவள், பின்னால் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “இன்னா பண்றது தேனு, பெரிய டாக்டர் வந்துகீறாங்க, டெஸ்டு சரியா வரணும் இல்ல? வருஷம் பூரா குடிக்காதத அன்னிக்கே குடிச்சித் தொலைச்சேன்.”

டெஸ்ட் சரியாகத்தான் வந்தது. அத்தனை பாட்டிலும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்ததாம். விஷயம் தெரிந்ததும் நான் ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். “மேடம், இதைத் தூக்கிப் போடுங்க, வேலை முடிஞ்சி வரும்போது எடுக்கலாம்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே, “கையில வந்தது பிடிக்கலன்னு தூக்கிப் போட்டா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல” என்றார். பிடிக்கவில்லை என்பதற்காகவா சொன்னேன்? எடுத்த விதமே தப்பு என்று சொன்னேன். பணம் கொடுத்தவர்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டிய தேதி நெருங்கிவிட்டது, அதுதான் நிஜம். அதைச் சொல்லாமல் எனக்குப் பாடம் எடுத்தார். நான் கண் கலங்கினேன். “அழுறதுன்னா வெளியில போய் அழு” என்றார். இதையும் மலரில் போடுங்கள், தாயுள்ளத்துக்குப் பக்கத்தில்.

அறிக்கை இங்கிலீஷில், ஒரு ஆய்விதழில் வந்தது. அதன் சுருக்கத்தைத் தமிழில் அச்சடித்துத் தெருத்தெருவாகக் கொடுத்தார்கள். வழவழப்பான தாள், நல்ல பெரிய எழுத்து. ‘குவாரிப் பெண் தொழிலாளர்கள் போதுமான அளவு தண்ணீர் அருந்துகிறார்கள்’ என்று அதில் ஒரு வரி. முதலாளி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினார், சாமி படத்துக்குப் பக்கத்தில். பெண்கள் கழிப்பிடம் கேட்டுக் கொடுத்திருந்த மனுவை அதற்குப் பிறகு யாரும் எடுத்துப் பேசவில்லை. “டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, அப்புறம் இன்னா?” என்பார் முதலாளி. நான் வேலையை விட்டேன். அனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டேன்.

அந்த ஒரு வரி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. அக்காவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தபோது நான் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். “எனக்கின்னாடி, டாக்டரம்மா டெஸ்ட்டுல நல்லாத்தான இருந்துச்சி. பேப்பர்லயே போட்டுக்கீறாங்க, நீதான் சும்மா டென்ஷன் ஆவுற” என்றாள். முகமும் வீங்கிய பிறகுதான் வந்தாள். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். இப்போது வாரத்தில் பாதி நாள் எங்களுக்கு விழுப்புரம் பஸ்ஸில் போகிறது. இதில் கொடுமை என்ன தெரியுமா? டயாலிசிஸ் செய்கிறவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். குடிக்கலாம் என்றிருந்த காலத்தில் குடிக்க முடியாமல் இருந்தவள், இன்று ஒதுங்க இடம் இருந்தும் குடிக்கக் கூடாது. தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் டாக்டர் கனகவல்லியைச் சபித்திருக்கிறேன். வாய்விட்டே சபித்திருக்கிறேன்.

அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். “தண்ணி குடிக்காம வேலை செஞ்சதாலதான் எங்க அக்காவுக்குக் கிட்னி போச்சுன்னு எழுதிக் குடுங்க மேடம்.” “ஒருத்திய வெச்சு அப்படிச் சொல்ல முடியாது தேன்மொழி. நூறு பேர் சேர்ந்தா சொல்லலாம், செல்விக்கு மட்டும் தனியாச் சொல்ல முடியாது” என்றார். படித்தவர்கள் நீங்கள், இதைச் சரி என்பீர்கள். சரியாகவே இருக்கட்டும். போனை வைத்துவிட்டு அன்று முழுக்க நான் சோறு தின்னவில்லை.

சில மாதம் கழித்து அவரே வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்து, எங்கள் வீட்டு வாசலுக்கு. நான் கதவடியில் நின்றுகொண்டு வழிவிடவில்லை. உள்ளேயிருந்து அக்கா, “யாரு தேனு, டாக்டரம்மாவா? உள்ள வரச் சொல்லு, வெயில்ல நிக்கிறாங்க” என்றாள். வந்தார். அக்காவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது. “டெஸ்ட் எடுத்த அன்னிக்கு எவ்வளவு தண்ணி குடிச்ச?” என்று கேட்டார். அக்கா ஸ்கேன் கதையைச் சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் கத்திச் சொன்னபோது காதில் ஏறாதது, அவள் சிரித்துச் சொன்னபோது ஏறியது போலிருக்கிறது. மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து வரவில்லை. “மறுபடியும் எடுக்கணும். யாருக்கும் முன்னாடி சொல்லக் கூடாது. நீ வர்றியா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எவ்வளவு திமிர்! போனேன். அவருக்காகப் போகவில்லை.

மறுநாள் காலையிலேயே குவாரிக்குப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்துவிட்டார். அவர்கள் குடிக்காததால் தானும் குடிக்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் தாகத்தோடு இருந்துவிட்டு ராத்திரி சென்னையில் ஃபிரிட்ஜைத் திறக்கப்போகிறவருக்கு எதற்கு இந்த வேஷம்? சாயந்திரம் வேலை முடியும் நேரம் முகமெல்லாம் சிவந்து எழுந்தார். நேரே மேனேஜர் ஆபீசுக்குள் போய், அங்கிருந்த பாத்ரூமில் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தவர் கையில் அவருடைய பாட்டில். டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. வாசலில் நின்று, “அஞ்சலை, வா, அடுத்தது நீ. எல்லாரும் வரிசையா வாங்க” என்றார்.

மேனேஜர் பதறி ஓடிவந்தார். “இன்னா மேடம் இது, இது ஆபீஸ் பாத்ரூம்!”

“ஆபீஸ் மூத்திரம்னு தனியா ஒண்ணு இருக்கா?” என்றார் டாக்டரம்மா.

பெண்கள் முதலில் தயங்கினார்கள். அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். அப்புறம் வரிசை வாசலைத் தாண்டி எடை மேடை வரைக்கும் நின்றது. குவாரியில் அத்தனை பெண்கள் ஒன்றாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். ஒவ்வொரு பாட்டிலும் அதே டிகாஷன் நிறம். காரில் முதலாளி வந்து இறங்கினார். வரிசையைப் பார்த்தார், ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்து டாக்டரம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இது நீங்க எழுதுனதுதானே மேடம்? நல்லாத் தண்ணி குடிக்கிறாங்கன்னு போட்டிருக்குதே?”

“நான்தான்யா எழுதுனேன். தப்பா எழுதுனேன். இத்தனை பேர் முன்னாடி சொல்றேன், அது தப்பு. கழட்டினத திரும்ப மாட்டாத.”

முதலாளி சிரித்தார். “சட்டம் போட்டாச்சு மேடம், இருந்துட்டுப் போவட்டும்” என்று சொல்லிவிட்டு அதே ஆணியில் மாட்டினார்.

அன்று நானும் கைதட்டினேன். மறைக்க மாட்டேன். ஆனால் அடுத்த நாள் அந்தப் பாத்ரூமில் பூட்டுத் தொங்கியது. அஞ்சலையை இனி வர வேண்டாம் என்றார்கள். டாக்டரம்மாவைப் போனில் பிடித்துக் கிழி கிழி என்று கிழித்தேன். “உங்களுக்கு ஒரு நாள் கூத்து, அவளுக்குப் பொழப்பு போச்சு” என்றேன். “ம்” என்றார். அஞ்சலை வேறு குவாரிக்குப் போனாள். அங்கேயும் கழிப்பிடம் கிடையாது.

குவாரியில் ஒத்துக்கொண்டபடியே அவர் தன் அறிக்கையைத் திரும்பப் பெற்றார். முதலில் சொன்னது தவறு என்று, அறிக்கை வந்த அதே இங்கிலீஷ் ஆய்விதழில் எழுதினார். அதனால் அவருக்கு எவ்வளவு கெட்ட பெயர், யார் யார் பேசுவதை நிறுத்தினார்கள் என்றெல்லாம் நீங்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். பெரிய விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செஞ்சியில் அந்த இதழை யார் படிக்கிறார்கள்? தப்பு தமிழில் வந்தது, வீடு வீடாக வந்தது. திருத்தம் இங்கிலீஷில் வந்து எங்கேயோ உட்கார்ந்துகொண்டது. “அந்தப் பெண்கள் கையில குடுக்க தமிழ்ல ஒரு பக்கம் எழுதுங்க” என்று பொங்கலுக்குக் கேட்டேன், தீபாவளிக்குக் கேட்டேன். “எழுதுறேன்டி, எழுதுறேன்” என்பார். உடம்பு முடியாமல் இருக்கிறார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைசியாகப் பேசியபோது குரல் கம்மியிருந்தது. “ஒரு பக்கம்தானே, நீயே எழுதிடேன் தேன்மொழி. நான் கையெழுத்துப் போட்டுடறேன்” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. “தப்பு பண்ணது நீங்க, எழுதுறது நானா? உங்க கையாலதான் எழுதணும்” என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்றைக்கும் நான் சொன்னது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். நியாயமாக இருந்து என்ன, ஆள் போய்விட்டாரே.

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. தலைமை, அந்த முதலாளி. ஆபீஸ் சுவரில் இருந்த அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கையோடு கொண்டுவந்து, மைக்கில் அந்த ஒரு வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். “உண்மையை எழுதின உத்தமி” என்றார். நீங்களும் முன்வரிசையில் இருந்தீர்கள். நான் எழுந்து, “அது தப்புன்னு அவங்களே சொல்லிட்டாங்க” என்று கத்தினேன். “செத்தவங்களப் பத்தித் தப்பாப் பேசக் கூடாதும்மா, உக்காரு” என்றார் முதலாளி. உங்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவருடைய திருத்தத்தை இங்கிலீஷில் படித்தீர்களே, அதைத் தமிழில் ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன வந்தது?

டாக்டர் கனகவல்லியை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் எழுத வேண்டாம். அவர் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, முதலாளியின் முகத்துக்கு எதிரே நின்று அவர் சொன்ன ‘தப்பா எழுதுனேன்’ என்ற அந்த இரண்டு சொற்களை மட்டும்தான். அதைக் கேட்ட பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அவர்களோடு போகிறேன். கையில் கொடுக்க ஒரு பக்கம் வேண்டும். மலரில் எனக்கு ஒதுக்கிய இடத்தில் கீழே இருப்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள், ஊருக்குக் கொடுக்கக் கூடுதலாக அச்சடியுங்கள். இதைப் போடாவிட்டால் என் கட்டுரையே வேண்டாம்.

‘செஞ்சிப் பக்கத்துக் கல்குவாரியில் வேலை செய்யும் பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. ஒதுங்க இடம் இல்லாததால் குடிப்பதில்லை. போதுமான அளவு குடிக்கிறார்கள் என்று நான் முன்பு சொன்னது தவறு. இப்படிக்கு, டாக்டர் கனகவல்லி.’

கையெழுத்துப் போட அவர் இல்லை. சாட்சிக் கையெழுத்து மட்டும் நான் போடுகிறேன்.

தேன்மொழி,
செல்வியின் தங்கை.